வடிகாலும் வாய்க்காலே!

(நாஞ்சில் நாட்டு உழவர் நடுவே ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

    

தமிழ் பற்றிப் பேச வேண்டிய மேடையில் சேறு பற்றியும் கழிவு நீர் பற்றியும் பேச வந்துள்ளானே இவன் என்று உங்களுள் சிலர் எண்ணக் கூடும். மொழி வேறு, மண் வேறு என்று கருதுவார்க்கே அவ்வெண்ணம் தோன்றும். ஒரு மக்களினம் தன் மண்ணிலும் நீரிலும் எதை எதை வேறுபிரித்து அறிந்ததோ, அதற்கெல்லாம் பெயரிட்டது. அப்பெயர்களை மறக்கும் நாளில் அவ்வறிவையும் இழக்கின்றது. இதற்கு ஒரு சொல்லையே சான்றாகக் காட்டுகின்றேன். அச்சொல் 'கால்' என்பது.

நீரைக் கொண்டு வருவது வாய்க்கால். குளத்திற்கு நீர் சேர்ப்பது வரத்துக்கால். குளம் நிரம்பிய பின் மிகை நீரை அடுத்த குளத்திற்கு அனுப்புவது மறுகால். வயலில் நின்ற நீரை வெளியேற்றுவது வடிகால். இவை அனைத்தும் ஒரே வேரிற் கிளைத்தவை. நீருக்கும் கால் உண்டு. அது நடந்து செல்லும். ஓரிடத்தை விட்டால் மற்றோரிடத்தை அடைந்தே தீரும் என்பது இச்சொற்களுக்குள் அடங்கிய அறிவு. பறளியாற்று நீரைப் பாண்டியன் அணையில் மறித்துப் பழையாற்றொடு சேர்க்கும் நீர்வழிக்குப் 'பாண்டியன் கால்' என்றே நம் முன்னோர் பெயரிட்டனர். அக்கால் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கின்றது.

ஆனால் இன்று வடிகால் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்க்கு என்ன தோன்றுகின்றது? சாக்கடை தோன்றுகின்றது. வேண்டாததைக் கொட்டும் இடம் தோன்றுகின்றது. "வரப்பைத் தாண்டிவிட்டால் அது நம்முடையதன்று" என்ற எண்ணம் தோன்றுகின்றது. இவ்வெண்ணமே நான் இன்று எதிர்க்க வந்த பகை. உமக்கு வடிகாலாவது உமக்குக் கீழே உள்ளவனுக்கு வாய்க்கால் என்பதே என் பேச்சின் சுருக்கம்.

இதை நாஞ்சில் நாட்டைவிடத் தெளிவாகக் காட்டும் நிலம் வேறொன்று தேட வேண்டுவதில்லை. நாஞ்சில் என்றாலே கலப்பை. ஔவையாரும் மருதன் இளநாகனாரும் ஒருசிறைப் பெரியனாரும் பாடிய நாஞ்சில் வள்ளுவன் ஆண்ட மண் இது. புறநானூற்றில் இடம் பெற்ற மண் இது. தோவாளையும் அகத்தீசுவரமும் சேர்ந்த இந்நிலப்பரப்பைத் தாய்த் தமிழகத்தொடு சேர்ப்பதற்காக இம்மண்ணின் மக்கள் பட்ட பாடும் சிந்திய குருதியும் சொல்லில் அடங்கா. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் அவ்விணைப்பு நிறைவேறியது. அன்று நாம் மீட்டது எல்லைக் கோட்டை மட்டுமா? இந்த ஆற்றையும் குளத்தையும் சேர்த்தன்றோ மீட்டோம்? மீட்டதைக் காத்தோமா என்பதே கேள்வி.

மேற்கு மலையில் 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. பின்னர்ப் பெருஞ்சாணி அணையும் சிற்றாற்று அணைகளும் எழுந்தன. அந்நீர் கால்வாய்களின் வழியே நம் வயல்களுக்கு வருகின்றது. நம் பழையாறோ சுருளகோட்டுப் பகுதியில் தொடங்கி, ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நடந்து, நாகர்கோவிலையும் சுசீந்திரத்தையும் தொட்டு, மணக்குடியில் கடலொடு கலக்கின்றது. இடையிலே சபரி அணை, குமரி அணை, சோழந்திட்டை அணை எனப் படிப்படியாக அணைகள். இவ்வமைப்பின் உட்பொருள் யாது? மேலணையில் மறித்த நீர் ஒரு வயல்வெளியில் பாய்கின்றது. அவ்வயலின் வடிநீர் மீண்டும் ஆற்றில் விழுகின்றது. அதையே கீழணை மறித்து அடுத்த வயல்வெளிக்குக் கொடுக்கின்றது. குளங்களும் அவ்வாறே: மேற்குளத்து மறுகாலும் இடைப்பட்ட வயல்களின் வடிகாலும் கூடிக் கீழ்க்குளத்தை நிரப்புகின்றன. ஒரே நீரைப் பன்முறை பயன்கொண்ட பெருஞ்சிக்கனம் இது. வீணாகும் துளி என்று ஒன்றை நம் முன்னோர் விட்டு வைக்கவில்லை.

இச்சிக்கனத்திற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நீரைப் பன்முறை பயன்கொண்டால், நீரில் இட்டதையும் பன்முறை பயன்கொள்ள நேரும். மேலூரான் இட்ட உப்பைக் கீழூரான் உண்ண நேரும். எருவும் தழையும் இட்ட நாளில் இதனாற் பெருங்கேடு விளையவில்லை. 1960-களில் பசுமைப் புரட்சி என்ற பெயரால் மூட்டை மூட்டையாக உப்புரமும் புட்டி புட்டியாக நஞ்சும் வந்திறங்கிய பின்னர்தான் வடிகாலின் இயல்பே மாறியது.

வயலுக்குள் என்ன நிகழ்கின்றது என்பதை எளிதாகக் கூறுகின்றேன். பயிர் தழைப்பதற்குத் தழையூட்டமும், வேர்க்கும் மணிக்கும் மணியூட்டமும், உரம் பெறுதற்குச் சாம்பலூட்டமும் வேண்டும். மக்கள் வழக்கில் இவற்றைத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்பர். யூரியா என்பது தழையூட்டம் ஒன்றே கொண்ட உப்பு. நூறு பங்கு யூரியாவில் 46 பங்கு தழையூட்டம். எனவே 45 கிலோகிராம் மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 21 கிலோகிராம் இருக்கும். அதனை நீர் நின்ற வயலில் வீசினால் நெற்பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாகப் பத்தில் மூன்று அல்லது நான்கு பங்கே. எஞ்சியதிற் சிறிது மண்ணில் தங்கும். பெரும்பகுதி காற்றோடு போகும். ஒரு பகுதி நீரோடு போகும். உழவன் காசு கொடுத்து வாங்கியதிற் பாதிக்கு மேல் அவனுக்குப் பயன்படாமலே கழிகின்றது என்று பொருள்.

நீரோடு போவது எப்போது மிகும்? யூரியா நீரில் கரைந்து மண்ணொடு பற்றத்தக்க வடிவம் பெறுவதற்குச் சில நாள்கள் ஆகும். அச்சில நாள்களுக்குள் மழை பெய்து வரப்பு வழிந்தாலோ, நாமே மடையைத் திறந்து நீரை வடித்தாலோ, இட்டது அப்படியே வடிகாலில் இறங்கும். நம் நாட்டில் இரண்டு பூ விளைகின்றது. கன்னித் திங்களில் அறுப்பது கன்னிப்பூ. கும்பத் திங்களில் அறுப்பது கும்பப்பூ. ஓரைப் பெயரால் திங்களை எண்ணிய தமிழ் முறை நம் உழவர் வாயில் இன்றும் வாழ்கின்றது என்பதற்கு இவ்விரு சொற்களே போதும். அக்கும்பப்பூவிற்கு மேலுரம் இடும் காலம் எது? துலையும் நளியும். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் காலமும் அதுவே. உரமிட்ட மறுநாள் வானம் பொத்துக்கொண்டால் யாருடைய மூட்டை யாருடைய குளத்தில் கரைகின்றது என்று எண்ணிப் பாருங்கள்.

மணியூட்டத்தின் வழி வேறு. அது மண்ணொடு ஒட்டிக்கொள்ளும், எளிதிற் கரையாது. ஆகவே மண் போகும்போது அதுவும் போகும். தொளியடித்து மரமடித்த மறுகணமே கலங்கல் நீரை வடித்துவிட்டு நடவு தொடங்குகின்றோமே, அந்தச் செந்நீரிலே போவது வெறும் சேறன்று. நம் நிலத்தின் கொழுப்பு. பூச்சிக்கொல்லிகள் பலவும் அவ்வாறே மண்ணொடும் நீரொடும் ஒட்டிச் செல்வன. வயலில் அயிரையும் கெண்டையும் பிடித்து விளையாடிய தலைமுறை இன்னும் உயிரோடிருக்கின்றது. அம்மீன்கள் எங்கே என்று அவர்களைக் கேளுங்கள்.

இன்னொரு மாற்றத்தையும் கூற வேண்டும். நெல் விளைந்த நன்செய்கள் பல வாழைத் தோட்டங்களாக மாறியுள்ளன. மட்டியும் செந்துளுவனும் நேந்திரனும் நமக்குப் பெருமைதாம். உழவன் ஊதியம் தேடுவதைக் குறை கூறவும் நான் வரவில்லை. ஆனால் மண்ணின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். நீர் நிற்கும் நெல்வயலின் சேற்றில் உயிர்வளி குறைவு. அங்கு நுண்ணுயிரிகள் நைட்ரேட்டு என்னும் உப்பைச் சிதைத்து வளியாக்கிக் காற்றில் விட்டுவிடும். நெல்வயல் தன்னளவில் ஒரு வடிகட்டி. அதே நிலத்தில் ஆழமாகக் கால் வெட்டி நீரை வடித்து மேட்டுப் பாத்தியில் வாழை வைத்தால் மண்ணுக்குள் காற்றுப் புகும். தழையூட்டம் நைட்ரேட்டாக மாறும். அது மண்ணில் ஒட்டாது. கீழிறங்கிக் கிணற்றையும், பக்கவாட்டில் கசிந்து வடிகாலையும் சேரும். பயிரை மாற்றினால் நீரின் இயல்பும் மாறும் என்பதை நமக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை.

இனி, கீழே என்ன நிகழ்கின்றது? கவிமணி பிறந்த தேரூரின் குளத்தைப் பாருங்கள். தேரூர், சுசீந்திரம் நீர்நிலைகள் 2022-இல் உலக மதிப்புடைய ஈரநிலமாக இராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதன் பரப்பு 94.23 எக்டேர். வேம்பனூர்க் குளமும் அதே ஆண்டில் அப்பட்டியலில் இடம்பெற்றது, பரப்பு 19.75 எக்டேர். தொலைநாட்டுப் பறவைகள் வழி தப்பாமல் வந்திறங்கும் நீர்நிலைகள் இவை. பெருமைப் பட்டயம் வந்துவிட்டது. ஆனால் பட்டயம் நீரைத் தூய்மையாக்குவதில்லை. குளத்தில் ஊட்டம் மிகுந்தால் முதலில் பாசி கொழுக்கும். மக்கள் ஆகாயத்தாமரை என்று கூறும் தென்னமெரிக்கக் களை நீர்ப்பரப்பை மூடும். அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியை உண்டுவிடும். மீன் மூச்சு முட்டி மிதக்கும். குளம் ஆழங் குறைந்து சேறாகும். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஆறு மணக்குடிக் கழிமுகத்தை அடையும். மழையற்ற நாள்களில் மணல்திட்டு முகத்தை அடைத்துக்கொள்ளும்போது, வந்த அழுக்கு அத்தனையும் அங்கேயே தேங்கும். 2004-ஆம் ஆண்டுக் கடற்கோளிற் பாலத்தையே இழந்து மீண்டெழுந்த கடற்கரை மக்கள், மேலேயிருந்து நாம் அனுப்பும் கேட்டையும் தாங்க வேண்டுமா?

நடுநிலையோடு ஒன்று கூறுகின்றேன். பழையாறு கெட்டதற்கு உழவன் மட்டும் பொறுப்பல்லன். நகரத்தின் கழிவு நீர் அதில் கலப்பதை ஊரே அறியும். அக்குற்றத்தை மறைத்து உழவன் தலையிற் பழி சுமத்துவது கொடுமை. ஆனால் பிறன் கை அழுக்கைக் காட்டி நம் கையைக் கழுவாமலிருப்பதும் அறிவுடைமை ஆகாது.

குடிநீருக்கு வருவோம். ஓர் இலிட்டர் குடிநீரில் நைட்ரேட்டு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய வரையறை. உலக நலவாழ்வு நிறுவனம் 50 என்னும். மிகை நைட்ரேட்டு கலந்த கிணற்று நீரிற் பால்மாவு கரைத்துக் கொடுத்த பச்சிளங் குழந்தைகளின் உடல் நீலம் பாய்ந்ததை 1945-இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் முதன்முதலில் விளக்கினார். குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதால் வருவது அந்நோய். தாய்மார்கள் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும்: நீரைக் கொதிக்க வைத்தால் நோய்க் கிருமி சாகும், நைட்ரேட்டு சாகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு மிகவே செய்யும். தாய்ப்பாலே பிள்ளைக்குக் காப்பு.

நம் தொப்புட்கொடி உறவான ஈழத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக் கல்லின் இடுக்குகளில் தேங்கிய மழைநீரே அம்மக்களின் உயிர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த அயரா உழைப்பாளிகள் அவர்கள். ஆனால் மிகுதியாக இட்ட உரமும் மலக்குழிக் கசிவும் அக்கல் வழியே கிணறுகளில் இறங்கி, நைட்ரேட்டு அளவு மீறியதை 1980-களிலிருந்தே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வருகின்றனர். செல்வ நாடுகளும் தப்பவில்லை. அமெரிக்காவில் வயல்களுக்கு அடியிற் குழாய் புதைத்து நீரை வடிக்கும் வழக்கம் பரவலானது. அவ்வாறு வடிந்த மணியூட்டம் ஈரி ஏரியிற் சேர்ந்து நச்சுப் பாசியைக் கொழுக்க வைத்தது. 2014 ஆகத்துத் திங்களில் தொலீடோ நகரத்தார் ஏறத்தாழ ஐந்து நூறாயிரம் பேர், மூன்று நாள் வரை குழாய் நீரைக் குடிக்கலாகாதென்று தடுக்கப்பட்டனர். பேரேரிக் கரையில் இருந்துகொண்டு குடிநீருக்குக் கைகட்டி நின்றனர்!

நஞ்சின் வரலாறு நமக்கு இன்னும் அண்மையில் உள்ளது. நாம் வாழும் இதே மலைத்தொடரின் மேற்குச் சரிவில், காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில், ஆண்டுக்கணக்காக வானூர்தியிலிருந்து எண்டோசல்பான் தெளித்தனர். அது மழையோடு இறங்கிக் கீழேயிருந்த ஓடைகளைச் சேர்ந்தது. அம்மக்கள் நெடுநாள் போராடிய பின்னரே 2011-இல் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது.

இக்கேட்டிற்கு வேர் எங்கே இருக்கின்றது? வரப்பில் மட்டும் இல்லை, தில்லியிலும் இருக்கின்றது. 2010-இல் நடுவணரசு உரவிலைக் கொள்கையை மாற்றியது. மணியூட்டத்திற்கும் சாம்பலூட்டத்திற்கும் நிலையான தொகை கொடுத்துவிட்டு விலையைத் தளர்த்தியது. யூரியா விலையை மட்டும் தன் கையில் இறுக்கி வைத்துக்கொண்டது. அதன் விளைவாக யூரியா மூட்டை 300 உருபாவுக்குள் கிடைக்க, மற்றவற்றுட் பல ஆயிரத்தைத் தாண்டி நிற்கின்றன. ஏழை உழவன் எதை அள்ளிப் போடுவான்? மலிந்ததைத்தான் போடுவான். நாஞ்சில் நாட்டு மண்ணுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நாஞ்சில் நாட்டான் முடிவு செய்யவில்லை; நம் மழையும் மண்ணும் அறியாத தில்லி அலுவலகம் விலையின் வழியே முடிவு செய்கின்றது. மண்ணின் மீது உரிமையில்லாத மக்களுக்கு நீரின் மீதும் உரிமையிராது என்று நாம் சொல்வது இதனாற்றான். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் ஆலைக் கழிவையும் நகரக் கழிவையுமே பெரிதும் கருதி எழுந்தது. ஆயிரம் வரப்புகளின் வழியே கசிந்து வருவதைப் பிடிக்க அதனிடம் வலையில்லை.

தமிழனுக்கு இது புதிய சிக்கலன்று. அவன் மறந்த தீர்வு. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் 'ஏரி வாரியம்' என்றே ஓர் அமைப்பைக் காண்கின்றோம். ஊர் மக்கள் குடவோலையால் தேர்ந்த வாரியம் அது. 1971-இல் அமைந்த நம் அரசின் நிறுவனத்திற்கும் 'குடிநீர் வடிகால் வாரியம்' என்றே பெயர். பெயரிட்டவர் அறிந்தோ அறியாமலோ பேருண்மையைக் கூறிவிட்டார்: குடிநீரும் வடிகாலும் அடுத்தடுத்து நிற்கும் சொற்கள் மட்டுமல்ல, அடுத்தடுத்து ஓடும் நீர்கள்!

நம் முன்னோர் செய்த சுழற்சியை எண்ணிப் பாருங்கள். வயலின் வண்டல் வடிகால் வழியே குளத்திற் சேரும். கோடையிற் குளம் வற்றியதும் அவ்வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி மீண்டும் வயலுக்கே கொண்டுவருவர். போன கொழுப்பு திரும்பி வரும், குளமும் ஆழமாகும், நீரும் தெளியும். ஒரே வேலையில் மூன்று பயன். என்று மூட்டை உரம் வந்ததோ, அன்று வண்டல் வெட்டுவது நின்றது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கி, வண்டலை உழவர் எடுத்துக்கொள்ள வழிவிட்டது. மராமத்து என்பது அயற்சொல்லே ஆயினும் குடி நம்முடையது, வேலையும் நம்முடையது. அவ்வண்டல் செங்கற் சூளைக்கும் மனைமேட்டிற்கும் போகாமல் வயலுக்கே போகின்றதா என்று கண்காணிப்பது நம் கடமை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பன பெரிய செலவு பிடிப்பன அல்ல.

முதலாவது, உரத்தை ஒரே வீச்சாக இடாமல் பலமுறையாகப் பகுத்திடுங்கள். மழைக்கோப்பு இருக்கும் நாளில் இடாதீர்கள். இட்ட பின் ஐந்தாறு நாள் வடிமடையைத் திறவாதீர்கள். வெள்ளம் வந்தாலன்றி அடைத்தே வைத்திருங்கள். நஞ்சு தெளித்த வயலுக்கும் இதுவே முறை.

இரண்டாவது, தொளியடித்த கலங்கல் நீரை ஓரிரு நாள் நிறுத்தித் தெளிய விட்டு, அதன்பின் நடுங்கள். சேறு உங்கள் வயலிலேயே அமரட்டும்.

மூன்றாவது, வடிகால் ஓரத்தில் நாணலையும் கோரையையும் சம்பையும் வெட்டிவேரையும் அடியோடு அழிக்காதீர்கள். நீர் தடையின்றி ஓடும் அளவிற்கு நடுவே செப்பம் செய்து, கரையோரத்தில் அவற்றை விடுங்கள். அவை கூலி கேளாத வடிகட்டிகள். எல்லா வடிகாலுக்கும் பைஞ்சுதை பூசிவிட்டால் நீர் விரையும், தெளியாது.

நான்காவது, கொழிஞ்சியும் சணப்பும் விதைத்து மடக்கி உழுங்கள். புங்கந்தழையும் பூவரசந்தழையும் மிதியுங்கள். இங்கும் ஓர் எச்சரிக்கை: இயற்கை எருவே ஆயினும் அளவு மீறினால் அதன் மிச்சமும் வடிகாலிற்றான் இறங்கும். அளவறிதலே உழவு.

ஐந்தாவது, ஒவ்வொரு குளத்தின் மேலூராரும் கீழூராரும் ஆண்டுக்கு இருமுறை, பூவிற்கு ஒருமுறையாக, ஒன்றாக அமருங்கள். கிணற்று நீரையும் குளத்து நீரையும் ஆய்வுக்கு அனுப்பி, வந்த எண்ணைத் தமிழில் எழுதி ஊர்ப் பொதுவிடத்தில் தொங்க விடுங்கள். மறைத்து வைத்த எண்ணால் எவர்க்கும் பயனில்லை.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு தனிவேலை. உங்கள் ஊரில் எத்தனை மடை, எத்தனை மறுகால், எந்த வடிகால் எந்தக் குளத்திற் சேர்கின்றது, எது மண்ணிட்டு மூடப்பட்டது என்பவற்றை முதியோரைக் கேட்டு அவர்கள் சொல்லும் பெயரோடு எழுதி வையுங்கள். 2021 நவம்பரில் குமரி மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்ததே, அந்நீர் தன் பழைய காலைத் தேடித்தான் அலைந்தது. காலை வெட்டினால் எவனும் முடவனாவான், ஆறும் அப்படியே.

பெரியோர்களே! மேலூரானும் தமிழன், கீழூரானும் தமிழன், கழிமுகத்தில் வலை வீசுபவனும் தமிழன். "தமிழர் ஒன்றுபடுக" என்று மேடையில் முழங்குவது எளிது. நம் வயலின் வடிமடையைத் திறக்குமுன், இந்நீரைக் கீழே ஒரு தாய் குடத்தில் மொள்ளப் போகின்றாள் என்று ஒரு நொடி எண்ணுவது அதனினும் அரிது. அவ்வொரு நொடியிற்றான் இன உணர்வு மெய்யாகின்றது. மொழியைத் தூய்மையாகக் காப்போம் என்று உறுதி பூண்டவர்கள் நாம். அம்மொழி பேசும் வாயில் ஊற்றும் நீரையும் தூய்மையாகக் காப்போம்.

வடிகாலும் வாய்க்காலே! மறவாதீர்கள்.